ஒரு கிரீடமும் ஊர்ப்பட்ட தலைகளும்

வேஷச் சாமான் வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒன்று நிச்சயம்: கடையை விட்டு ராஜாவாகப் போவது எதுவும் ராஜாவாகத் திரும்பி வராது. பட்டு அங்கவஸ்திரத்தில் குழம்புக் கறை இருக்கும். தேவதூதரின் சிறகில் ஒன்று குறையும். தாடிக்குள் பாதி வடை கிடக்கும். குடையையோ குத்துவிளக்கையோ இரவல் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நான் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவள். ஆகவே சிரிக்காமல், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கடை. மாமனார் தொடங்கியது. வீட்டுக்காரருக்கு எலெக்ட்ரிக் வேலை. அவர் ஊரெல்லாம் வயரோடு மல்லுக்கட்டுவார், இங்கே முழு ராஜ்ஜியமும் என்னுடையது. தேயிலைத் தோட்டத்துத் திருவிழா, பள்ளிக்கூட விழா, புத்தர் திருநாளான வெசாக் மேடை, நத்தார் நாடகம் எதுவானாலும் எங்கள் படியில்தான் ஏறி வரவேண்டும். முருகனும் கண்டி ராஜாவும் தேவதூதரும் ஒரே கொடியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்குகிறார்கள். இதுவரை அவர்களுக்குள் எந்தத் தகராறும் வந்ததில்லை. வாங்குகிறவர்களுக்குள்தான் வரும்.

அட்டைக் கிரீடங்கள் எங்களிடம் நிறைய உண்டு. பித்தளையில் ஒன்றே ஒன்று. சுற்றிலும் கண்ணாடிக் கல் பதித்து, உச்சியில் தாமரை மொட்டு வைத்தது. இந்தியாவில் வாங்கியதை, பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று கப்பல் முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டே வந்ததாக மாமனார் சொல்வார். நான் நம்பியதில்லை; மாமியாரும் நம்பியதில்லை. அந்தக் கிரீடம் தீபாவளியிலிருந்து மாசி வரைக்கும் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மாசிக்குச் சொல்லி வைத்தது

தீபாவளி முடிந்து, மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் படியேறி வந்தாள். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். உட்காரச் சொன்னாலும் உட்காராமல், கண்ணாடி அலமாரியில் இருந்த கிரீடத்தையே பார்த்தாள். காமன் கூத்துக்கு அது வேண்டும் என்றாள். "மாசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கே" என்றேன். "அதுக்குத்தாங்க இப்பவே வந்தேன்" என்றாள்.

காமன் கூத்து பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். இருவரும் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாக வருவார்கள். பிறகு சிவனின் நெற்றிக் கண்ணில் மதன் எரிந்து போவான். ரதி அழுது மன்றாடி அவன் உயிரைத் திரும்ப வாங்குவாள். வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடிகிற வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

பாக்கியத்தின் புருஷன் ஒரு வருஷம் இந்தக் கிரீடத்தை வைத்து மதன் வேஷம் கட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல். இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காப்புக் கட்டிய மனுஷன் எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி இவள் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால், அப்பா தலையில் இருக்கிற அதே கிரீடத்தை வைத்து அவனும் ஒரு மாசியில் மதனாக நிற்பான். பிள்ளை பிழைத்தான். அவன்தான் சுரேஷ். அப்பா இப்போது இல்லை. சுரேஷ் சித்திரை பிறந்ததும் கத்தாருக்கு வேலைக்குப் போகிறான். போனால் இனி எந்த மாசியில் ஊரில் இருப்பானோ தெரியாது. வேண்டுதல் தீர இந்த ஒரு மாசிதான் கையில் இருக்கிறது. அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் கிரீடத்தைப் பூட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பூட்டி வைக்காதீங்கக்கா. நாலு பேரு தலையில இருந்தாத்தான் அது கிரீடம். மாசிக்கு மட்டும் எம் புள்ள தலைக்கு வந்துரணும்."

கிழக்கிலிருந்து வந்தவர்

நத்தாருக்குக் கிரீடம் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாதா கோயிலுக்குப் போனது. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு. பாக்கியத்துக்குக் கொடுத்த வாக்கு மனசில் இருந்ததால் நானும் காவலுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் மூன்றாவது ராஜாவைக் காணோம். மனுஷன் தொழிற்சாலை வேலையில் மாட்டிக்கொண்டாராம். மைக் கட்ட வந்திருந்த முருகையாவைப் பிடித்து அங்கியை மாட்டிவிட்டார்கள். முருகையா மார்கழி விரதக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், அதற்கு நடுவில் குங்குமம். துடைக்கலாம் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். "கழுத்த வேணும்னா வெட்டுங்க, மார்கழியில நெத்திய மட்டும் தொடாதீங்க" என்று பின்வாங்கினார். பாட்டுக் குழுப் பெண்கள் பதறினார்கள். அதற்குள் மேடையில் அவர் முறை வந்துவிட்டது.

ராஜாக்கள் கொண்டுவரும் காணிக்கைகளில் அவருக்குக் கிடைத்தது புகைகிற சாம்பிராணித் தட்டு. குழந்தை முன்னால் வைத்துவிட்டு முழங்காலிட வேண்டும், அவ்வளவுதான். முருகையாவுக்குக் கையில் சாம்பிராணி வந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தொட்டிலுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, நிதானமாகச் சுற்றிக் காட்டினார். புகை எழுந்து குழந்தையைச் சூழ்ந்தது. உட்கார்ந்திருந்த சனம் தன்னையறியாமல் எழுந்து நின்றது. எனக்கும் கை தானாகக் குவிந்தது. நாடகம் முடிந்ததும் பாட்டுக் குழுத் தலைவி ஃபாதரிடம் போய் நெற்றியைக் காட்டிப் புகார் சொன்னார். ஃபாதர் முருகையாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிழக்கிலேருந்து வந்த ராஜாதானேம்மா? கிழக்குல இப்படித்தான் கும்பிடுவாங்க."

காலிக் கூடை

தையில் ஒருநாள் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். அந்த அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கிற பெண்ணாக வேஷம் போட்டுப் படம் எடுக்க ஆசையாம். எங்களிடம் எல்லா வேஷமும் உண்டு, அது மட்டும் இல்லை. தேவலோகத்துப் பெண்ணாக வாருங்கள், இன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கிரீடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கு வந்திருந்த பாக்கியம் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். தெரிந்த கடையில் ஒரு கூடையும், இடுப்பில் கட்டுகிற படங்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளே அந்த அம்மாவுக்கு என் கடைச் சேலை ஒன்றைக் கட்டித் தூக்கிச் செருகி, படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிவிட்டாள்.

கயிறு தலையில் ஏறியதும் அந்த அம்மா ஏதோ சொன்னார். அவர் ஊரில் திராட்சைத் தோட்டம், அவருடைய அம்மா கூலிக்குப் பழம் பறித்தவர், அங்கேயும் முதுகில்தான் கூடை, ஆனால் பட்டை தோளில் வரும் என்று வழிகாட்டி மொழிபெயர்த்தான். அம்மாவின் தோளில் கடைசிவரை இருந்த தழும்பு எந்த இடம் என்று அவர் தன் தோளில் தொட்டுக் காட்டினார். பாக்கியம் தலை முடியை விலக்கி, கயிறு பட்டுப் பட்டு வழுக்கையான இடத்தைக் காட்டினாள். அந்த அம்மா அதை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு படம் எடுத்தார்கள், சிரித்தார்கள், கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷி, எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார் பார்த்தாயா என்றேன்.

"காலிக் கூடைதானேங்கக்கா? காலிக் கூடைன்னா நானும் அப்படித்தான் சிரிப்பேன்."

கதவைப் பூட்டிக்கோ

மாசிக்குக் கொஞ்சம் முன்னால் சந்திரா மிஸ் வந்தார். கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஒன்றில் சரித்திரம் படிப்பிக்கிறவர். தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்ததால் நல்ல தமிழ். கண்டியின் கடைசி ராஜாவைப் பற்றி நாடகம் போடுகிறாராம், கிரீடம் வேண்டுமாம். "அந்த ராஜா உங்க ஆள்தானே அக்கா, மதுரைப் பக்கம்" என்றார். "நான் ஹட்டன் ஆள், மதுரையைப் பார்த்ததே இல்லை" என்றேன். "அவரும் இங்க உள்ள ஆள் மாதிரித்தான், எங்க விகாரைக்கெல்லாம் விளக்கேத்தினாரு" என்றார். இப்படியே ராஜா யாருடையவர் என்று கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கடைசியில் இரண்டு பேருக்கும் பாதி பாதி என்று முடிவாகிப் பால் போடாத பிளேன்டீ குடித்தோம்.

போகும்போது ஒரு சந்தேகம் கேட்டார். எதிரிகள் நெருங்கிவிட்ட வேளையில் ராஜா அரண்மனையை விட்டுக் கிளம்புகிறார். மதுரையிலிருந்து கூட வந்த தாதி வாசலில் நிற்கிறாள். அவளிடம் மட்டும் தமிழில் ஒரு வசனம் சொல்ல வேண்டும்; என்ன சொல்லியிருப்பார்? ராஜாக்கள் வசனம் எனக்கெங்கே தெரியும்? எங்கள் வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது சொல்வதைச் சொன்னேன்: "கதவைப் பூட்டிக்கோ. போயிட்டு வர்றேன்." விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நாடகத்தன்று போய் உட்கார்ந்தால், ராஜா வேஷம் போட்ட சிங்களப் பிள்ளை என் கிரீடத்தை வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, அந்த வார்த்தையை அப்படியே சொல்கிறான். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிடிபட்டு நாடு கடத்தப்பட்டு, திரும்பி வரவே போகாத மனுஷன் வருகிறேன் என்கிறாரே என்று நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சந்திரா மிஸ்ஸும் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் 'போறேன்'னு சொல்ல விடமாட்டாங்க அக்கா. 'கிஹின் என்னம்', போயிட்டு வர்றேன்னுதான் சொல்லணும். சொல்லாமப் போனா அம்மா திருப்பிக் கூப்பிடுவாங்க."

கல் பொறுக்கியது

நல்லபடியாக அத்தோடு திரையை இழுத்திருக்கலாம். அடுத்தது ராஜாவைப் பிடிக்கிற காட்சி. பிடிக்க வந்த வீரர்களுக்கு வீரம் கூடிப்போனது. இழுத்த இழுப்பில் கிரீடம் கழன்று, மேடை விளிம்பில் உருண்டு, கீழே சிமெந்துத் தரையில் விழுந்தது. பின்னாலேயே ஒரு வீரரும் அதன்மேல் விழுந்தார். முன் தகடு இரண்டாகப் பிளந்தது, மொட்டு சாய்ந்தது, கற்கள் சிதறின. சந்திரா மிஸ் பொறுக்கியதையெல்லாம் ஒரு பையில் போட்டு மறுநாள் காலையிலேயே கடைக்குக் கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ராஜாவைப் பிடிக்கச் சொன்னால் ராஜ்ஜியத்தையே உடைப்பதா என்று கத்தினேன். அவர் அழுதார். அவர் அழ அழ எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. பாக்கியத்திடம் என்ன சொல்வேன்?

சொல்லத் தேவையிருக்கவில்லை. கூத்துத் தொடங்கக் காமன் கம்பம் நடுகிற நாள் குறித்தாகிவிட்டது என்று சொல்ல அவளே படியேறி வந்தாள். மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். புதுசாக ஒரு கிரீடம் கண்டியில் வாங்கித் தருகிறேன் என்று நான் உளறினேன். அது தன் புருஷன் தலையில் இருந்ததில்லையே என்ற ஒரு பார்வை பார்த்தாள். என்ன நடந்தது என்று சந்திரா மிஸ் விம்மி விம்மிச் சொன்னார். தன் மாமா கண்டிய நடனக்காரர்களுக்கு வெஸ் என்கிற தலையணி செய்கிறவர் என்றும், அவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். பையிலிருந்து கொட்டியபோது சில கற்கள் தரையில் உருண்டிருந்தன. பாக்கியம் முழங்காலிட்டு மேசைக்கடியில் தேட ஆரம்பித்தாள்.

"அழாதீங்க மிஸ். அழுதா கல்லு எங்க கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. வாங்க, சேர்ந்து தேடுவோம்."

குளித்துவிட்டு வந்தவர்

மூன்று பெண்களும் அன்றைக்கே பஸ் ஏறினோம். கொத்மலைப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் அந்த மாமாவின் வீடு. ஊரில் அவரை எல்லோரும் குருன்னான்சே என்கிறார்கள். நம் வழக்கத்தில் வாத்தியாரையா மாதிரி. வேலை மும்முரத்தில் இருந்தார். பையைத் திறந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூட நாடகச் சாமான் என்று நினைத்து, "அங்க வைங்க, நேரம் கிடைக்கும்போது ஒட்டித் தாறேன்" என்று ஓரமாகத் தள்ளினார். எனக்குச் சுருக்கென்றது. பாக்கியம்தான் பேசினாள். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் மிச்சம். மதன் யார், ஏன் எரிந்தான், ரதி எப்படி அழுதாள், காப்புக் கட்டினால் ஏன் எல்லை தாண்டக் கூடாது, ஆஸ்பத்திரி வாங்கில் என்ன வேண்டிக்கொண்டாள், எல்லாம் சொன்னாள். சந்திரா மிஸ் விட்டுப்போன இடங்களை நிரப்பினார்.

குருன்னான்சே சுத்தியலைக் கீழே வைத்தார். விளக்குத் தட்டுக்கு மேலே வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று தொங்கியது. அதுதான் அவர் ஆடும்போது வைத்துக்கொள்கிற சொந்த வெஸ்ஸாம். அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவாராம். ஆட்டம் படிக்கிறவன் அதைத் தன் கையால் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல நேரம் பார்த்து, மச்சம் மாமிசம் விலக்கி, முதல் தடவை குருதான் தலையில் வைக்க வேண்டும் என்றார். "அப்ப உங்களுக்கும் விரதம் உண்டுங்களா?" என்று பாக்கியம் கேட்டாள். "இல்லாம?" என்றார் அவர். பிளந்த தகட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இது ரிப்பேர் வேலை இல்லை. கொஞ்சம் பொறுங்க, நான் குளிச்சிட்டு வாறேன்."

அரசிலை

கம்பம் நட்டு, சுரேஷுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. பாக்கியமும் விரதம்; அவளால் வர முடியவில்லை. வேஷம் கட்டுகிற அன்றைக்கு மத்தியானம் நான்தான் குருன்னான்சே வீட்டுக்குப் போனேன். கிரீடத்தை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தானும் வருகிறேன் என்று திரீவீலரில் ஏறினார். வழியில் துணியை விலக்கிக் காட்டினார். பிளந்த இடம் தெரியவில்லை, மொட்டு நிமிர்ந்திருந்தது. தொலைந்த கற்களுக்கு இணையான கல் கிடைக்கவில்லையாம். ஓட்டையாக விட மனசு வராமல், வெஸ்ஸுக்கென்று வெட்டி வைத்திருந்த சின்னச் சின்ன அரசிலைத் தகடுகளை அந்த இடங்களில் கோத்துவிட்டிருந்தார். வெள்ளித் தகடு, வண்டி குலுங்கும்போதெல்லாம் நடுங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவரை எனக்குத் தெரியும்; வழக்கத்தில் இம்மி மாறினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நினைத்தபடியே ஆனது. கோயில் முற்றத்தில் சுரேஷ் முகத்துக்கு வர்ணம் பூசி, மார்ப்பதக்கம் கட்டி, தலையில் மட்டும் ஒன்றும் இல்லாமல் பலகையில் உட்கார்ந்திருந்தான். துணியை விலக்கியதும் தலைவர் குனிந்து பார்த்தார். "இது என்னங்க, புத்த கோயில் எலை? மதனுக்கு இது வழக்கமில்லையே" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. வழக்கத்தை மாற்றித் தோட்டத்தில் ஒரு நல்லது கெட்டது என்றால் தன் தலையில்தான் விழும் என்ற பயம். அந்த இலைகளைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். கழற்றினால் தகடு பிரிந்துவிடும் என்றேன். அப்படியென்றால் அட்டைக் கிரீடம் வைத்துக் கட்டட்டும் என்றார். மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுரேஷ் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். குருன்னான்சேக்கு நடப்பது புரிந்துவிட்டது. துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பாக்கியம் முன்னால் வந்தாள். தலைவர் முன்னால் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "தலைவரே, நம்ம பிள்ளையாரு எந்த மரத்தடியில இருக்காரு?" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். லயத்துக்கு மேலே, திருப்பத்தில், பெரிய அரச மரம். அடியில் பிள்ளையார், பக்கத்தில் கிராமத்துச் சிங்களச் சனம் ஏற்றிவிட்டுப் போன விளக்குகள். "அவரு எலை விழுது விழுதுன்னு எந்திரிச்சா போயிட்டாரு?" என்று கேட்டாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். தலைவர் மரத்தையும் கிரீடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூத்து வாத்தியாரைப் பார்த்து, "நேரம் போகுது, வாத்தியாரே, ஆகட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கூத்து வாத்தியார் கிரீடத்தை வாங்கக் கையை நீட்டினார். பாக்கியம் குறுக்கே வந்து, அதைச் செய்தவரும் ஒரு கை பிடிக்கட்டும் என்றாள். குருன்னான்சே, இது தன் சடங்கில்லையே என்று தயங்கினார். "உங்க வழக்கத்துல மொத தடவ யாருங்க வைப்பாங்க?" என்று வாத்தியார் கேட்டார். குருன்னான்சே குரு என்றதும், "அப்ப வாங்க, ரெண்டு பேருமா வச்சிருவோம்" என்றார். எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று குருன்னான்சே கேட்டுக்கொண்டார். வாத்தியார் பாட்டெடுத்தார், இவர் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். இருவர் கையிலிருந்தும் கிரீடம் சுரேஷ் தலையில் இறங்கியது. அவன் எழுந்து நின்றான். காற்றே இல்லை. அவன் மூச்சு விடுகிற அசைவுக்கு அந்த இலைகள் மெல்ல மெல்ல நடுங்கின. பாக்கியம் என் கையைப் பிடித்தாள். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கை. இவ்வளவு மாதமாக அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

"அவுங்க அப்பா தலையில இது இப்படி அசையலக்கா. இப்பத்தான் இதுக்கு உசுரு வந்திருக்கு."

கிரீடம் வாடகைக்கு விட்டே காலம் தள்ளுகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாமிக்கும் ராஜாவுக்கும் சாதாரண மனுஷனுக்கும் தலைச் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றேதான், உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துக் கொடுத்தால் யாருக்கும் பொருந்திவிடும்.